எரிகோ வழியில் நாற்பது மாணவர்

1970ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மூன்று நாட்கள், அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில், இறையியல் மாணவர் நாற்பது பேர் ஒருவர்பின் ஒருவராக ஒரு குறுகிய சந்தின் வழியே நடந்து சென்றனர். அச்சந்தில் ஒரு வாயிற்படியருகே ஒருவர் தலை கவிழ்ந்து, கண் மூடி, அசைவின்றிச் சாய்ந்து கிடந்தார். மாணவர் அருகில் வருந்தோறும் அவர் இருமுறை இருமி முனகினார். நாற்பதின்மரில் சிலர் நின்றனர். பலர் கடந்து போயினர். கடந்து போனவருள் சிலர், நல்ல சமாரியன் உவமையைக் குறித்து உரை நிகழ்த்துவதற்காகவே அடுத்த கட்டடத்திற்குச் சென்றுகொண்டிருந்தனர்.

இவ்வாய்வைப் பற்றி நம்மில் பலர் செவியுற்றிருப்பது இவ்வளவே. அருளுரை மேடைகளில் இது பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. உளவியற் பாடநூல்களிலும் இதற்கு நிலையான இடம் உண்டு. மேடையில் இதனைச் சொல்வோர் பெரும்பாலும் ஒரே முடிவிற்கு வருகின்றனர்: இறையியல் கற்றவரிடம் இரக்கம் இல்லை, திருமறை நாவில் இருக்கிறது, நெஞ்சில் இல்லை என்பதே அம்முடிவு. கேட்போர்க்கு அது சுவையாகவும் இருக்கிறது. ஆனால் ஆய்வறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர் இம்முடிவிற்கு வருதல் அரிது. அவ்வறிக்கை வினவியது யாது, கண்டது யாது, காணாதது யாது என்பவற்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம். மனித நடத்தையைக் குறித்து ஓர் ஆராய்ச்சி மாணவர் எவ்வாறு வினா எழுப்பி விடை தேடுகிறார் என்பதற்கும் இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஆய்வினை நடத்தியோர் இருவர். ஒருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் துறை ஆசிரியர் ஜான் டார்லி. மற்றவர் அவரிடம் முனைவர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த டேனியல் பாட்சன். பாட்சன் நேராக உளவியலுக்கு வந்தவர் அல்லர். அதே நகரில் தனி நிறுவனமாக விளங்கும் பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரியில் இறையியல் பயின்று பட்டம் பெற்றவர். ஆதலின் ஆய்விற்கு உட்பட்ட மாணவர்களின் உலகம் அவருக்கு அயலானதன்று. அவர்கள் படித்த வகுப்பறைகளில் அவரும் அமர்ந்தவரே. இச்செய்தியை மனத்திற் கொள்ளுதல் நலம். வெளியே நின்று திருச்சபையை நகையாடும் நோக்கத்தோடு இவ்வாய்வு எழவில்லை.

டார்லிக்கு இத்துறையில் முன்னரே ஒரு வரலாறு உண்டு. 1964ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவிஸ் என்னும் இளம்பெண் நள்ளிரவிற்குப் பின் கொலையுண்டாள். முப்பதுக்கு மேற்பட்ட அண்டை வீட்டார் கண்டும் கேட்டும் ஒருவரும் உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதிற்று. நகர வாழ்க்கை மனித நெஞ்சைக் கல்லாக்கிவிட்டது என்று பலரும் புலம்பினர். டார்லியும் அவருடைய நண்பர் பிப் லட்டானேயும் அப்புலம்பலோடு நிற்கவில்லை. பலர் இருந்தமையாலேயே ஒருவரும் உதவாதிருந்திருக்கக் கூடுமோ என்று வினவினர். 1968இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வேறோர் அறையிலிருந்து ஒலித்தொடர்புக் கருவி வழியே பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரல் கேட்கச் செய்தனர். தான் ஒருவனே அதைக் கேட்பதாக எண்ணியவர்களில் 85 விழுக்காட்டினர், அக்குரல் அடங்குமுன்னரே உதவி தேடி எழுந்தனர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று எண்ணியவர்களில் அவ்வாறு எழுந்தோர் 31 விழுக்காட்டினரே. மனிதர் மாறவில்லை, அவர்கள் நின்ற நிலை மாறிற்று. (கிட்டி ஜெனோவிஸ் பற்றிய அந்த முதற்செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னர் வெளியாயிற்று, 2016இல் அந்நாளிதழே அதனை ஒப்புக்கொண்டது. தவறான செய்தியொன்றிலிருந்து நல்ல வினாவொன்று பிறந்தது. ஆனால் செய்தியை அருளுரைகளிற் கையாண்டவர் எத்துணையர் அதனைத் திருத்திக்கொண்டனரோ!)

உவமையிலிருந்து வினா

பாட்சனும் டார்லியும் லூக்கா பத்தாம் அதிகாரத்து உவமையையே தம் கருதுகோள்களுக்கு மூலமாகக் கொண்டனர் என்பது இவ்வாய்வின் தனிச்சிறப்பு. பொதுவாக உளவியலார் ஒரு கொள்கையை முதலில் வகுத்து, அதற்கு அணியாகவே திருமறைக் கதையைச் சேர்ப்பர். இவர்களோ உவமையை ஊன்றிப் படித்து, அதில் வரும் மூவரும் எவ்வெவ்வகையில் வேறுபடுகின்றனர் என்று கேட்டனர்.

ஆசாரியனும் லேவியனும் சமயப் பணியாளர். எருசலேமிலிருந்து வரும் அவர்களது உள்ளத்தில் சமயச் சிந்தனைகளே நிறைந்திருந்திருக்கும். சமாரியனுடைய உள்ளத்தில் பெரும்பாலும் உலக அலுவல்களே இருந்திருக்கும். அங்ஙனமாயின், உதவியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் எண்ணிக்கொண்டு செல்லுதல் ஒருவனை உதவச் செய்யாது போலும். இது முதற் கருதுகோள். இரண்டாவது, ஆசாரியனும் லேவியனும் பொறுப்புகள் மிகுந்தவர். அவர்களைக் காத்திருப்போர் பலர். சமாரியன் அத்துணை முக்கியமானவன் அல்லன். அவனுக்குக் கால நெருக்கடி குறைவு. ஆகவே விரைந்து செல்பவன் நிற்பது அரிது. இவ்விடத்தில் ஆய்வாளர்கள் சற்றே நகைச்சுவையோடு, ஆசாரியனும் லேவியனும் நாட்குறிப்பேட்டைக் கையில் ஏந்தி ஓடுவதாகக் கற்பனை செய்து பார்க்கின்றனர். மூன்றாவது கருதுகோள் பக்தியின் வகையைப் பற்றியது. கார்டன் ஆல்போர்ட் என்னும் ஹார்வர்டு உளவியலறிஞர், சமயத்தை வேறொரு பயனுக்கு வழியாகக் கொள்வோர் என்றும், சமயத்தையே வாழ்வின் நோக்கமாகக் கொள்வோர் என்றும் இருவகையினரைப் பிரித்துக் காட்டியிருந்தார். பாட்சன் மூன்றாம் வகையொன்றைச் சேர்த்தார்: சமயத்தை முடிவுறாத தேடலாகக் கொள்வோர். இம்மூவகையினருள் சமாரியனை ஒத்தவர் யாவர் என்பது வினா.

உவமையைப் படித்த இம்முறையில் திருமறை அறிஞர் குறை காண இடமுண்டு. ஆசாரியன் அவ்வழியாய் இறங்கி வந்தான் என்கிறது லூக்காவின் வாசகம். எருசலேம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 750 மீட்டர் மேலே உள்ளது. எரிகோ கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே உள்ளது. இறங்கி வந்தவன் ஆலயப் பணியை முடித்து வீடு திரும்புபவனாதல் கூடும். அவனுக்கு என்ன அவசரம்? பிணத்தைத் தொட்டால் தீட்டு என்னும் லேவியராகமக் கட்டளையை நினைந்து அவன் விலகினான் என்போரும் உளர். உவமையோ காரணம் யாதும் கூறவில்லை. கால நெருக்கடி என்பது ஆய்வாளர்கள் உவமைக்குள் கொண்டுவந்து வைத்த பொருளேயன்றி, உவமையிலிருந்து எடுத்த பொருளன்று. எனினும் நல்ல வினாவாயின் அது எவ்வழியே வந்தாலும் வினாவே.

மூன்று நாட்கள் நடந்தது

மாணவர்களிடம், இறையியற் கல்வியையும் இறைப்பணிக்கான அழைப்பையும் பற்றிய ஆய்வு இது என்று மட்டுமே கூறப்பட்டது. முதல் அமர்வில் அவர்தம் சமய மனநிலையை அளக்கும் வினாத்தாள்கள் தரப்பட்டன. இரண்டாம் அமர்விற்கு ஒவ்வொருவராகத் தனித்து வந்தனர். வந்தவருக்கு ஒரு தாள் தரப்பட்டது. சிலருக்குத் தரப்பட்ட தாளில் நல்ல சமாரியன் உவமை இருந்தது. ஏனையோர்க்குத் தரப்பட்டதில், இறையியல் பயின்றோர் எவ்வகை வேலைகளில் சிறந்து விளங்கக்கூடும் என்பதைப் பற்றிய குறிப்பு இருந்தது. அதனைப் படித்தபின் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஓர் உரை நிகழ்த்த வேண்டும். இக்கட்டடத்தில் இடநெருக்கடி உள்ளமையால் அடுத்த கட்டடத்தில் ஒலிப்பதிவு நடைபெறும் என்று கூறி, வழிகாட்டும் வரைபடமொன்றையும் கொடுத்தனர்.

புறப்படும் வேளையில் சொல்லப்பட்ட ஓரிரு சொற்களே ஆய்வின் உயிர்நிலை. சிலரிடம், அங்கே ஆயத்தமாகச் சில நிமிடங்கள் ஆகும், ஆயினும் இப்போதே செல்லலாம் என்றனர். சிலரிடம், உதவியாளர் ஆயத்தமாக இருக்கிறார், நேரே செல்க என்றனர். மற்றும் சிலரிடமோ கடிகாரத்தைப் பார்த்து, காலம் கடந்துவிட்டது, உம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர், விரைந்து செல்க என்றனர். வழி ஒன்றே, அதில் கிடந்தவரும் ஒருவரே. அவ்வாறு கிடந்து நடித்தவருக்கு, தம்மைக் கடந்து செல்லும் மாணவர் எந்தத் தாளைப் படித்தவர், விரையுமாறு ஏவப்பட்டவரா அல்லரா என்பது தெரியாது. ஆகவே அவர் குறித்த மதிப்பெண்ணில் விருப்பு வெறுப்பிற்கு இடமில்லை. ஆய்வு அமைப்பில் இது சிறியதோர் ஏற்பாடுபோல் தோன்றும். இந்த ஏற்பாடு இல்லையேல் மற்றவை அனைத்தும் வீண்.

மதிப்பெண் பூச்சியம் முதல் ஐந்து வரை. கிடந்தவரை இடர்ப்பட்டவராகக் கவனியாமலே போனவருக்குப் பூச்சியம். கவனித்தும் ஒன்றும் செய்யாதவருக்கு ஒன்று. நில்லாது சென்றும், அடுத்த கட்டடத்தில் இருந்த உதவியாளரிடம் செய்தி சொன்னவருக்கு இரண்டு. நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டவருக்கு மூன்று. உள்ளே அழைத்துச் சென்று விட்டுப் பின்னர்த் தம் வழியே போனவருக்கு நான்கு. விட்டு நீங்க மறுத்தவருக்கு ஐந்து. நின்று கேட்டவரிடம் கிடந்தவர், தமக்கு மூச்சுத்தொல்லை உண்டு, மருத்துவர் தந்த மாத்திரையை இப்போதுதான் உட்கொண்டதாகவும் சிறிது நேரம் அமர்ந்திருந்தால் போதும் என்றும் கூறி நன்றி சொல்வார்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நாற்பதின்மரில் நேராகவோ செய்தி சொல்லியோ உதவியவர் 16 பேர். விரைவு ஏதும் ஊட்டப்படாத 8 பேரில் 5 பேர் உதவினர். ஓரளவு விரைவு ஊட்டப்பட்ட 22 பேரில் 10 பேர். மிகுந்த விரைவு ஊட்டப்பட்ட 10 பேரில் ஒருவரே. விழுக்காட்டிற் கூறின் முறையே 63, 45, 10. மேடைகளில் முழங்கும் எண் இந்தப் பத்து விழுக்காடுதான். அது ஒரு மனிதரைக் குறிக்கும் எண் என்பதை நாம் மறக்கலாகாது. இன்னும் ஒருவர் நின்றிருப்பின் அது இருபதாகியிருக்கும். விரைவின் விளைவு தற்செயலானதன்று என்று கொள்ளுதற்குக் கணக்கியல் இடந்தருகிறது. ஆனால் இறையியல் மாணவருள் பதின்மரில் ஒன்பதின்மர் இரக்கமற்றவர் என்று சொல்வதற்கு இடந்தரவில்லை.

இனி, பெரும்பாலோர் சொல்லாது விடும் எண்ணிற்கு வருவோம். உவமையைப் படித்துச் சென்ற 19 பேரில் உதவியவர் 10 பேர். வேலைவாய்ப்பைப் பற்றிப் படித்துச் சென்ற 21 பேரில் உதவியவர் 6 பேர். விழுக்காட்டில் 53க்கு 29. உவமையைப் படித்தவர் ஏறத்தாழ இருமடங்கு உதவியுள்ளனரே என்று வாசகர் வியக்கலாம். ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு நாணயத்தைப் பத்துமுறை சுண்டி ஏழுமுறை தலை விழுந்தால், நாணயம் கோணலானது என்று எவரும் துணிந்து கூறார். அத்தகைய வேறுபாடு தற்செயலாகவும் நேரும். இங்கும் அதுவே நிலை. எனவே உவமையை எண்ணிச் செல்வது உதவும் நடத்தையைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்று 1973இல் வெளியான அறிக்கையில் அவர்கள் எழுதினர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வேறுபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது ஒன்று. வேறுபாடு இல்லை என்பது மற்றொன்று. நாற்பது பேரைக் கொண்ட ஆய்வு முதலாவதையே சொல்ல இயலும். 1975இல் ஆன்டனி கிரீன்வால்ட் என்னும் உளவியலறிஞர், முதல் அறிக்கை வெளியான அதே ஆய்விதழில் இதனைச் சுட்டிக்காட்டினார். அவ்வெண்களையே மீண்டும் கணித்து, உவமை உதவியைக் கூட்டவில்லை என்ற முடிவிற்கு அவை போதா என்றும், கூட்டியிருக்கக் கூடும் என்பதற்கே அவை ஓரளவு சார்பாக உள்ளன என்றும் அவர் வாதித்தார். இம்மறுப்பு பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. மேடைகளில் நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை. திருமறை வாசிப்பு மனிதனை மாற்றுவதில்லை என்பதை உளவியல் மெய்ப்பித்துவிட்டது என்று கூறுவோர், மெய்ப்பிக்கப்படாத ஒன்றைக் கூறுகின்றனர். மாற்றுகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது என்று மகிழ்வோரும் அவ்வாறே.

உவமையைப் பற்றிப் பேசச் சென்ற மாணவர் சிலர் கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போயினர் என்னும் குறிப்பும் அறிக்கையில் உண்டு. அந்த ஒரு வாக்கியமே ஆய்வு முழுவதையும் மறைத்துவிட்டது எனலாம். அதனை அடுத்துவரும் பகுதி இன்னும் ஆழமானது. பின்னர் வினவியபோது, அம்மாணவருள் பெரும்பாலோர், வழியில் கிடந்தவர் உதவி தேவைப்பட்டவராக இருந்திருக்கலாம் என்று நினைவுகூர்ந்தனர். ஆயின் அவரைக் கடந்த அந்த வேளையில் அவ்வெண்ணம் முழுமையாக உருப்பெறவில்லை. கண் கண்டது, கண்டதன் பொருளை மனம் எடுத்துக்கொள்ளவில்லை. விரைவு மனத்தின் பார்வைப் பரப்பைச் சுருக்குகிறது என்பது ஆய்வாளர் தரும் ஒரு விளக்கம்.

எனினும் எல்லாரும் அவ்வாறல்லர். வேறு சிலர் அடுத்த கட்டடத்தை அடைந்தபோது கலங்கிய நிலையில் இருந்தனர். நிற்பதில்லை என்று கல்நெஞ்சோடு முடிவு செய்தவர் கலங்கார். தம்மை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார். அவருக்கு உதவ ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம். வழியில் இன்னொருவர் கிடக்கிறார். இரண்டு கடமைகள் ஒரே வேளையில் இழுக்கின்றன. இம்மாணவர் நில்லாமைக்குக் காரணம் இரக்கமின்மையன்று, கடமைகளின் முரண்பாடே என்று கொள்ளலாம் என அறிக்கையே கூறிற்று. மேடையில் அறிக்கையை எடுத்தாள்வோர் இவ்விடத்திற்கு வருவதேயில்லை.

மீண்டும் கேட்ட வினா

கொள்ளலாம் என்பது ஊகம். ஊகத்தை ஊகமாகவே விட்டுவிடாமல் அதனை அடுத்த ஆய்வின் வினாவாக்கினார் பாட்சன். நம் மதிப்பில் இதுவே அவருடைய சிறப்பு. முனைவர் பட்டம் பெற்றுக் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்ற பின், துணையாளர் சிலருடன் அவர் நிகழ்த்திய ஆய்வு 1978இல் வெளிவந்தது. இம்முறை ஆய்விற்கு உட்பட்டோர் பொதுக் கல்லூரி மாணவர் நாற்பது பேர். அவர்களும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றிற்குச் சென்றனர். வழியில் படிக்கட்டில் ஒருவர் துன்புற்றிருந்தார். சிலர் விரைந்து செல்லுமாறு ஏவப்பட்டனர். புதிதாகச் சேர்க்கப்பட்டது ஒன்றே: பாதிப் பேரிடம், நீர் தரவிருக்கும் தகவல் ஆய்வாளருக்கு இன்றியமையாதது என்று சொல்லப்பட்டது, ஏனையோரிடம், அது அத்துணை முக்கியமானதன்று எனப்பட்டது.

விரைவே மனத்தைச் சுருக்கி இரக்கத்தை அழிப்பதாயின், விரைந்தவர் அனைவரும் ஒருபடித்தாகவே கடந்து சென்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. தம் வருகை முக்கியமானதன்று என்று அறிந்தோர், விரையுமாறு ஏவப்பட்டிருந்தும் பெரும்பாலும் நின்றனர். தம்மையே நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்று அறிந்து விரைந்தவரே மிகுதியாகக் கடந்து சென்றனர். ஆகவே அவர்களைத் தடுத்தது கடிகாரம் என்பதைவிடக் கடிகாரத்திற்கு அப்பால் காத்திருந்த மனிதர் என்பதே பொருந்தும். ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க விரைந்தவர் இன்னொருவரைக் கைவிட்டார். இரு ஆய்வுகளிலும் உட்பட்டோர் தொகை சிறிது. ஆதலின் இதனையும் இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. ஆயினும் 1973ஆம் ஆண்டின் அறிக்கையை எடுத்தாள்வோர் 1978ஆம் ஆண்டின் அறிக்கையை விட்டுவிடுதல் முறையன்று.

போதகப் பணியில் இருப்போருக்கு இம்முடிவு மற்றதைவிடக் கடினமானது. இரக்கமற்றவரைக் கண்டித்தல் எளிது. இரு கடமைகளுக்கிடையே சிக்கியவருக்கு என்ன சொல்வது? ஞாயிறு காலை மூன்று சிற்றூர்களில் ஆராதனை நடத்த வேண்டிய ஆயர், முதல் ஊரின் வாயிலில் அழுதுகொண்டு நிற்கும் ஒருத்தியைக் கண்டு மிதிவண்டியை நிறுத்தினால், மூன்றாம் ஊரார் உச்சி வெயிலில் காத்திருப்பர். அவர்களும் மனிதரே. இவ்வாயரை ஆசாரியனோடு ஒப்பிட்டுக் கண்டிப்பவர், மூன்றாம் ஊரில் ஒருநாள் காத்திருந்து பார்க்க வேண்டும்.

மூன்றாம் கருதுகோளாகிய பக்தியின் வகை என்னவாயிற்று? எவர் நிற்பார், எவர் நில்லார் என்பதை அது முன்னறிவிக்கவில்லை. ஆனால் நின்றவர் எவ்வாறு உதவினர் என்பதில் வேறுபாடு தெரிந்தது. சமயத்தைத் தேடலாகக் கொண்டவர், கிடந்தவர் சொன்னதைக் கேட்டு, அவர் வேண்டியவாறு அவரை இளைப்பாற விட்டுச் சென்றனர். கோட்பாட்டில் உறுதியாக நின்றோருள் சிலர், மாத்திரை உட்கொண்டாயிற்று, சற்று அமர்ந்திருந்தால் போதும் என்று அவர் எத்துணை சொல்லியும் விடாது, உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தினர். ஐந்து மதிப்பெண் பெற்றவர் இவர்களே! மிகுதியாக உதவியவரா இவர், அன்றித் தாம் முன்னரே வகுத்துக்கொண்ட உதவியைக் கிடந்தவர்மேல் சுமத்தியவரா என்று ஆய்வாளரே ஐயுறுகின்றனர். உதவியவர் மொத்தம் 16 பேரே ஆதலின், இதனை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ளலாம். ஆயினும் நோயாளியின் படுக்கையருகே நீண்ட நேரம் நின்று, அவர் சொல்ல வந்ததைக் கேளாமலே ஜெபித்துத் திரும்பும் நம்மவரை இக்குறிப்பு நினைவூட்டாமல் இல்லை.

ஆய்விற்கு உட்பட்டவர் யார்?

இத்தகைய ஆய்வில் ஓர் அறக்கேள்வி எழுகிறது. மாணவர்களிடம் உண்மை மறைக்கப்பட்டது. இரக்கப்பணிக்குத் தம்மை ஒப்புவித்த இளைஞர் ஒருவர், தாம் கடந்து வந்த மனிதரைக் குறித்து அடுத்த அறையில் கேட்டறிகிறார். அது சிறிய அடியன்று. உரை முடிந்தவுடன் ஒவ்வொருவருக்கும் முழு உண்மையும் விளக்கப்பட்டது என்றும், ஒருவரும் மனக்கசப்புக் காட்டவில்லை என்றும் அறிக்கை கூறுகிறது. உண்மையை மறையாமல் இவ்வினாவிற்கு விடை காண வழி ஏதும் இருந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உதவுவீரா என்று வினாத்தாளில் கேட்டால் எவர்தாம் மாட்டேன் என்பர்? நம் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் மாணவர் பலர் அத்தகைய வினாத்தாள்களையே நம்பியிருக்கின்றனர். மக்கள் தம்மைப் பற்றிக் கூறுவதை அறிய அது உதவும். அவர்கள் செய்வதை அறிய உதவாது.

இறையியல் மாணவரை ஆய்விற்கு உட்படுத்திய மற்றோர் ஆராய்ச்சி மாணவரின் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. 1962ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்து மார்ஷ் சிற்றாலயத்தின் கீழ்த்தளத்தில், ஹார்வர்டில் முனைவர் பட்டத்திற்குப் பயின்ற வால்டர் பாங்கே என்பவர் இறையியல் மாணவர் 20 பேரைக் கூட்டினார். பாதிப் பேருக்குக் காளானிலிருந்து கண்டறியப்பட்ட சிலோசைபின் என்னும் மனமயக்கப் பொருளும், ஏனையோர்க்கு உடலில் சூடேற்றும் வைட்டமின் ஒன்றும் கொடுக்கப்பட்டன. மேலே நடந்த ஆராதனை ஒலிபெருக்கி வழியே அவர்களுக்குக் கேட்டது. மயக்கப் பொருள் உட்கொண்டோர் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றதாகக் கூறினர். ஆய்வேடும் புகழ் பெற்றது. 1991இல் ரிக் டாப்லின் என்பவர் அம்மாணவருள் பலரைத் தேடிக் கண்டு எழுதிய தொடராய்வு மற்றொன்றையும் வெளிப்படுத்திற்று. அவர்களுள் ஒருவர் அன்று கட்டுக்கடங்காது கலங்கியமையால் அவருக்கு அமைதி மருந்தை ஊசிவழி செலுத்த நேர்ந்தது. ஆய்வேடு அதனைக் கூறாது விட்டிருந்தது. இருபதின்மருள் ஒருவர் என்றால் அது சிறு எண்தான். அவ்வொருவருக்கு அது சிறிதன்று.

இத்தகைய நிகழ்ச்சிகளும், இவற்றினும் கொடிய மருத்துவ ஆய்வுகளும் வெளியானதன் விளைவாக, அமெரிக்காவில் 1974இல் ஆய்விற்கு உட்படுவோரைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1979இல் பெல்மாண்ட் அறிக்கை வெளிவந்தது. மனிதருக்குரிய மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்னும் மூன்றையும் அது ஆய்வின் அடிப்படைகளாக வகுத்தது. இன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் பிரின்ஸ்டன் சந்தில் நிகழ்ந்ததைப் போன்ற ஆய்வினை நடத்த விரும்பின், முதலில் ஓர் அறக்குழுவின் முன் நின்று, மறைக்க வேண்டிய தேவையையும், பின்னர் உண்மையை விளக்கும் முறையையும் எழுத்தில் காட்டியாக வேண்டும். இது வீண் தடையென்று முணுமுணுக்கும் மாணவர் உண்டு. மார்ஷ் சிற்றாலயத்து இளைஞரை அவர்கள் அறியார்.

மீண்டும் அந்த மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம். நில்லாது சென்றும், அடுத்த கட்டடத்தை அடைந்தவுடன் வழியில் ஒருவர் கிடக்கிறார், யாரையேனும் அனுப்புங்கள் என்று சொன்னவருக்கு இரண்டு மதிப்பெண். உதவியவர் பட்டியலில் ஆய்வாளர் அவரையும் சேர்த்துள்ளனர். மேடையில் கதை சொல்வோர்க்கு இவர் பயன்படுவதில்லை. இவர் ஆசாரியனும் அல்லர், சமாரியனும் அல்லர். கொடுத்த வாக்கையும் காத்து, கிடந்தவரையும் மறவாது, பொறுப்பை இன்னொருவர் கையில் ஒப்படைத்தவர் இவர்.

சமாரியனும் பயணியே என்பதை லூக்கா தெளிவாகச் சொல்கிறார். அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் ஓர் இரவு பராமரித்தான். மறுநாள் அவன் புறப்பட்டான். அவனுக்கும் எங்கோ ஓர் அலுவல் இருந்தது, எங்கோ ஒருவர் காத்திருந்தார் போலும். புறப்படுமுன் இரண்டு தெனாரியங்களை, அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியத்தை, சத்திரக்காரனிடம் கொடுத்தான். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான்.